எட்டாவது புகை

ஒரு ஊர்ல ஒரு பாவாயி இருந்தாளாம். ஊருன்னதும் கடைவீதி, பஸ் ஸ்டாண்டுன்னு நெனச்சுக்காதே கண்ணு. மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழ, மஞ்சு எறங்குற எடத்துல, மொத்தமே ஏழு வீடு. மஞ்சுக்காடுன்னு பேரு. ம் கொட்டு. நீ ம் கொட்டலைன்னா நான் நிறுத்திப்புடுவேன், அப்புறம் பாவாயி பாதி மலையிலயே நின்னுக்குவா, அந்தப் பாவம் உனக்குத்தான்.

ம். அப்படி.

பாவாயி அந்த மலைக்காரி இல்ல. அடிவாரத்துல பானை செய்யற வீட்டுப் பொண்ணு. அவளும் அவ அம்மா தைலாயியும் ரெண்டே பேரு. அம்மா சக்கரம் சுத்துவா, மக மண்ணு மிதிப்பா. சூளையிலேருந்து பானையை எடுத்ததும் ரெண்டு பேரும் ஒவ்வொண்ணா வெரலை மடக்கித் தட்டிப் பாப்பாங்க. டங்குன்னு சொன்னா நல்ல பானை. டொர்ருன்னு சொன்னா கீறல் விட்டிருக்கு. கண்ணால பாக்கவே வேண்டாம், காதே சொல்லிரும். பாவாயிக்கு அது அஞ்சு வயசுலயே வந்துருச்சு.

அப்போ மேல மஞ்சுக்காட்டுலேருந்து சடையன்னு ஒருத்தன் பானை வாங்க வந்தான். வந்தவன் ஒரு பானைக்கு மூணு தடவை வந்தான். மூணாவது தடவை தைலாயி கேட்டா, "ஏந்தம்பி, உனக்குப் பானை வேணுமா, பொண்ணு வேணுமா?" அவன் காது செவந்து போச்சு. அவ்வளவுதான், கல்யாணம் முடிஞ்சுது.

இப்ப கவனமாக் கேளு, மஞ்சுக்காட்டுல ஒரு வழக்கம் உண்டு. அந்த மலையில ஒரு மூங்கில் இருக்கு. கீழ்நாட்டு மூங்கில் மாதிரி முள்ளு கெடையாது. மஞ்சு படுற எடத்துலதான் வரும். மழை எறங்குனதும் மண்ணை முட்டிக்கிட்டுக் குருத்து வரும் பாரு, பாளையைச் சுத்திக்கிட்டு, கூம்பு மாதிரி! அதை வெளிச்சம் படறதுக்கு முன்னால வெட்டி, பாளையை உரிச்சு, வேகவெச்சுத் தண்ணியைக் கொட்டி, மறுபடி வேகவெச்சாங்கன்னா, சாமைச் சோத்துக்கு அப்படி இருக்கும். வெளிச்சம் பட்டுருச்சோ, கசப்பு. வாயில வெக்க முடியாது.

அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வர்ற பொண்ணு, சொந்தமா ஒரு மூங்கில் தூரு, அதாவது ஒரு மூங்கில் புதரு, நட்டு வளக்கணும். மொத மூணு வருஷம் அதுல கை வெக்கக்கூடாது. நாலாவது வருஷம் குருத்து நோம்பி, அதான் குருத்துப் பண்டிகை, அன்னிக்கி, அந்தத் தூருலேருந்து எடுத்த குருத்தைச் சமைச்சு ஏழு வீட்டுக்கும் போடணும். போட்டாச்சுன்னா, ஏழு வீடும் ஆளுக்கு நாலு கம்பு கொண்டாந்து அன்னிக்கே அவளுக்கு ஒரு வீடு கட்டிக் குடுத்துரும். மறுநாள் அவ தனி அடுப்புப் பத்தவெச்சுக்கலாம். போட முடியலையா? புதுசா நட்டு, மறுபடியும் நாலு வருஷம். அதுவரைக்கும் கூட்டு வீட்டுலதான் இருக்கணும், அடுப்புக்கிட்டப் போகக்கூடாது, தன்னோட சொந்தக்காரங்கன்னு யாரையும் விருந்துக்குக் கூப்பிடக்கூடாது.

என்ன? அம்மாவைக் கூடவா? ஆமா கண்ணு, அம்மாவைக் கூடத்தான்.

அதனால பாவாயி மலை ஏறுற அன்னிக்கி தைலாயி என்ன செஞ்சா தெரியுமா? இருக்குறதுலயே பெரிய பானையை, நல்ல தடிமனான தண்ணிப் பானையை, மக தலையில தூக்கி வெச்சா. வெச்சுட்டுச் சொன்னா, "இங்க பாருடி. தெனமும் காலையில எந்திரிச்சதும் மலையைப் பாப்பேன். ஏழு வீடு, ஏழு புகை. என்னிக்கி எட்டாவது புகை எந்திரிக்குதோ, அன்னிக்கி நான் ஏறி வருவேன். வந்து உங்கையால ஒரு வாய் சாப்பிடுவேன்."

"நாலே வருஷம்மா" அப்படின்னாளாம் பாவாயி. திமிரு! நாலே வருஷமாம்!

சரி, அவதான் வருஷத்துக்கு ஒரு தடவை எறங்கிப் போயி அம்மாவைப் பாத்துட்டு வருவாளே, அப்புறம் என்னன்னு கேக்கறியா? அது வேற. மக வீட்டுல அம்மா உக்காந்து சாப்பிடறது வேற. உனக்கு இப்பப் புரியாது, ம் மட்டும் கொட்டு.

அப்புறம் ஆனி மாசம், மழைக்கு முன்னால, சடையன் வீட்டுத் தூரு ஓரத்துலேருந்து ஒரு வயசு மூங்கிலை வேர்க்கிழங்கோட சேத்துத் தோண்டி எடுத்தாங்க. மேல நாலு கணு விட்டு மிச்சத்தைச் சரக்குன்னு வெட்டியாச்சு. "எங்க நடலாம்?"னு சடையன் கேட்டான். பாவாயி மலையெல்லாம் சுத்தி, மண்ணைக் கையில அள்ளிப் பெசஞ்சு பாத்து, ஒரு எடத்துல நின்னுட்டா. "இங்கதான். இது மாதிரி நல்ல மண்ணு இந்த மலையிலயே இல்ல."

நல்ல மண்ணுதான். எதுக்கு? பானை செய்யறதுக்கு! வழுவழுன்னு களிமண்ணு. குயவர் வீட்டுப் பொண்ணு கை வேற எங்க போவும்? மழை வந்துச்சு, தண்ணி வடியாமக் கிண்ணத்துல நின்ன மாதிரி நின்னுச்சு, கெழங்கு அழுகிப் போச்சு. ஒரு வருஷம் போச்சு.

அவளோட ஓரகத்தி குப்பாயி, அதாவது சடையனோட அண்ணன் பொண்டாட்டி, சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி விட்டா. "ஏம்புள்ள, மூங்கில் நட்டியா, பானைக்கு மண்ணு ஊற வெச்சியா?"

பாவாயி அன்னிக்கி ஒரு மூலையில உக்காந்து அழுதா. அழுதுட்டு மூக்கைச் சிந்திட்டு எந்திரிச்சா. "நாலு இல்லைன்னா அஞ்சு. அவ்வளவுதானே?" அப்படின்னா. எனக்கு இந்தப் பொண்ணைப் பிடிக்கறதே இதுக்குத்தான்.

அடுத்த ஆனியில சரிவான எடமாப் பாத்து, எலை மக்கிக் கறுத்துப் போன மண்ணுல குழி வெட்டுனா. பழைய சாணி போட்டா. கெழங்கை வெச்சா. மேல காஞ்ச எலையை மெத்தை மாதிரி பரப்புனா. மொத வருஷம் குருத்து வந்துச்சு, எவ்வளவு தடி? உன் சுண்டு வெரல். தொடல. ரெண்டாவது வருஷம்? என் கட்டை வெரல். தொடல. மூணாவது வருஷம் மணிக்கட்டுத் தடி. குப்பாயி அதைப் பாத்து எச்சிலை முழுங்குனா, பாவாயி தொடல. தூருக்கு மண்ணு அணைச்சு அணைச்சு, நடுவுல காஞ்சு போன குச்சியை மட்டும் எடுத்து, அதுக்குக் காத்து போக வழி பண்ணி வெச்சா. தெனமும் காலையில கீழ பாப்பா. அவ்வளவு ஒசரத்துலேருந்து வீடு ஒண்ணும் தெரியாது. ஆனா அம்மா மேல பாத்துக்கிட்டு இருப்பான்னு தெரியும்.

தூங்கிட்டியா? ம்? சரி.

நாலாவது வருஷம் வந்துச்சு. மழை ஜோ ஜோன்னு கொட்டி நின்ன மறுநாள், பாவாயி போயிப் பாத்தா, மண்ணு வெடிச்சிருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுனா. ஒம்போது! ஒவ்வொண்ணும் தொடை தடிக்கு வரப்போற குருத்து. வீட்டுக்கு ஒண்ணுன்னு ஏழு. மிச்சம் ரெண்டைத் தூருக்கு விட்டுறணும், அதையும் வெட்டுனா அடுத்த வருஷம் தூரே இருக்காது. கணக்குச் சரியா இருக்கு. பாவாயி அங்கயே நின்னு ஒரு ஆட்டம் ஆடுனாளாம். நோம்பிக்கு இன்னும் ஒரு மாசம் இருந்துச்சு. சின்னதா இருக்கும்போதே வெட்டுனா ஏழு வீட்டுக்குப் பத்தாது. மண்ணு அணைச்சு அணைச்சு நோம்பி வரைக்கும் வளர விடலாம்னு நெனச்சா.

அப்போ வந்துச்சு பாரு, மொத வெனை. சரசரசர, மொறுக் மொறுக்! முள்ளம்பன்றி. காலையில போயிப் பாத்தா மூணு குருத்து அடியோட காலி. முள்ளு ரெண்டு மட்டும் கெடக்கு, சாப்பிட்டுப்புட்டுப் பல்லுக்குத்தி வெச்சுட்டுப் போன மாதிரி.

பாவாயி பல்லைக் கடிச்சுக்கிட்டு, முள்ளை வெட்டித் தூரைச் சுத்தி வேலி போட்டா. முள்ளம்பன்றி வந்து மோந்து பாத்துட்டு, தன் முள்ளை விட இந்த முள்ளு பெருசா இருக்கேன்னு போயிருச்சு.

மிச்சம் ஆறு. குருத்து மண்ணுக்கு மேல வந்து வெளிச்சத்தைப் பாத்துருமேன்னு அவளுக்குப் பயம். மண்ணு அணைக்க அணைக்க மழை கரைச்சுக்கிட்டே போவுது. பானைக்காரி புத்தி என்ன சொல்லும்? மூடி வைன்னு சொல்லும். குப்பாயிகிட்டப் போயி, "அக்கா, மூணு கொழம்புச் சட்டி குடுங்க"ன்னா. வாங்கிட்டுப் போயி, எட்டிப் பாக்கத் தொடங்குன மூணு குருத்து மேல கவுத்துனா. யாரும் அந்த ஊர்ல அப்படிச் செஞ்சதில்ல. நல்லா மூடியாச்சுன்னு கையைத் தட்டிக்கிட்டு வந்துட்டா.

நாலு நாள் கழிச்சுப் பாத்தா, சட்டி மூணும் முழங்கால் ஒசரத்துல நிக்குது! இன்னும் நாலு நாள்ல இடுப்பு ஒசரம். குருத்து சட்டியைத் தூக்கித் தலையில தொப்பி மாதிரி மாட்டிக்கிட்டு, கிடுகிடுன்னு ஏறுது. கண்ணு, நீ பாத்திருக்கணும்! ஊரே வந்து நின்னு சிரிச்சுது. மூப்பர், அந்த ஊருக்குப் பெரியவரு, சிரிச்ச சிரிப்புல அவரு தலைப்பாகை அவுந்து விழுந்துருச்சு. குப்பாயி மட்டும் சிரிக்கல. "ஐயோ என் சட்டி! எறங்குடி! எறங்கு!"ன்னு மூங்கிலைப் பாத்துக் கத்துனா. மூங்கில் எறங்குமா?

வெளிச்சம் பட்ட குருத்து பச்சை கட்டிப் போச்சு. அந்த மூணும் இனிமே தின்ன ஆகாது. சரி, தூருக்கு ரெண்டு விடணும்ல, மூணாவே விட்டாச்சுன்னு பாவாயி மனசைத் தேத்திக்கிட்டா. மிச்சம் மூணு.

அப்புறம் மூணாவது வெனை. உர்ர்ர், கீச் கீச்! வேலி கீழதானே இருக்கு? மேலேருந்து குரங்குக் கூட்டம் குதிச்சுது. பாவாயி கல்லை எடுத்துக்கிட்டு ஓடி வர்றதுக்குள்ள, மடக், மடக்! ரெண்டு குருத்து போயே போச்சு.

மிச்சம் எத்தனை? சொல்லு. ஒண்ணு. ஒத்தைக் குருத்து. ஏழு வீட்டுக்கு ஒத்தைக் குருத்து, நோம்பிக்கு இருபது நாளு.

பாவாயி அந்தக் குருத்துப் பக்கத்துல உக்காந்தா. பயந்துதான் போனா, ஏன் பொய் சொல்லணும்? மறுபடியும் நாலு வருஷம்னா அம்மாவுக்கு மலை ஏற முழங்கால் இருக்குமான்னு நெனச்சா. நெனச்சுட்டுத் தலையைத் தூக்கிச் சட்டி மாட்டுன அந்த மூணு மூங்கிலையும் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. "சட்டி லேசு, அதான் தூக்கிருச்சு. தூக்க முடியாததை வெச்சா?"

விறுவிறுன்னு வீட்டுக்குப் போனா. அம்மா குடுத்த தண்ணிப் பானையைக் காலி பண்ணித் தூக்கிட்டு வந்தா. அந்த ஒத்தைக் குருத்து மேல வாய் கீழ இருக்குற மாதிரி கவுத்துனா. சுத்தி மண்ணை அணைச்சா, மண்ணுக்கு மேல கல்லை அடுக்குனா. பானை முதுகு மட்டும் வெளிய தெரியுது.

மூப்பர் வந்து பாத்தாரு. "அம்மிணி, மூங்கில் கண்ணைக் கட்டிப்புட்டியே. மூச்சு முட்டிச் செத்துரும்."

"சாவாதுங்க மூப்பரே."

"எடுத்துப் பாரு, இப்பவே வாடியிருக்கும்."

"எடுத்தா வெளிச்சம் பட்டுரும். பாக்க வேண்டாம், கேட்டாப் போதும்" அப்படின்னு வெரலை மடக்கிப் பானை முதுகுல தட்டுனா. டங்! உள்ள காலி.

ஏழு நாள் கழிச்சுத் தட்டுனா. டொக். பாதி நெறஞ்சிருக்கு. ஊர்க்காரங்க நம்பல. குப்பாயி வந்து பானைமேல காதை வெச்சுக் கேட்டா, அவளுக்கு ஒண்ணும் புரியல. "எனக்கு மழைச் சத்தந்தான் கேக்குது"ன்னா. சடையனும் மெதுவாக் கேட்டான், "பாவாயி, ஒரே ஒரு ஓரமாத் தூக்கிப் பாத்துறலாமா?" அவ முறைச்ச முறைப்புல அவன் தேன் எடுக்கப் போயிட்டான்.

நோம்பி அன்னிக்கிக் காலையில, ஊரு பூரா தூரைச் சுத்தி நிக்குது. பாவாயி தட்டுனா. தப்! சத்தமே எழும்பல. கல்லு மேல தட்டுன மாதிரி. அவ மொகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு பாரு! "நெறஞ்சுருச்சு" அப்படின்னா.

கல்லை எடுத்தாங்க, மண்ணை வாரினாங்க. சடையன் பானையைப் பிடிச்சுத் தூக்குனான். வரல. அவன் அண்ணனும் சேந்து தூக்குனான். ம்ஹூம். குருத்து பானை வாய்க்குள்ள பூந்து, வழி தேடித் தேடி வயித்துக்குள்ளயே சுத்திச் சுத்தி வளந்துருக்கு. இனி பானையை ஒடைச்சாத்தான் வரும்.

பாவாயி அப்படியே நின்னுட்டா. அம்மா சக்கரத்துல வெச்சுச் சுத்துன பானை. அதோட வயித்துல அம்மாவோட வெரல் கோடு இன்னும் இருக்கு. அஞ்சு வருஷமா அந்த ஊர்ல அவளுக்குன்னு இருந்த ஒரே பொருள் அதுதான். சடையன் பக்கத்துல வந்து, "நான் ஒடைக்கட்டுமா?"ன்னு கேட்டான்.

"வேண்டாம். எங்கம்மா பானை. நாந்தான் ஒடைப்பேன்."

ஒலக்கையை வாங்குனா, ஓங்குனா. ணங்!

ஓடு நாலு பக்கமும் விழுந்துச்சு. உள்ள, பானை மாதிரியே உருண்டையா, பெரிய பூசணிக்காய் அளவுக்கு, சுத்திச் சுத்திச் சுருண்டு கெடக்குது குருத்து! வெள்ளை வெளேர்னு, ஒரு பொட்டுப் பச்சை இல்ல. ஊரு வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. சடையன் அதை அறுத்துத் தோள்ல தூக்கிட்டுப் போனான், போறப்ப முதுகு வளைஞ்சுது. அரிஞ்சாங்க, அரிஞ்சாங்க, அரிஞ்சுக்கிட்டே இருந்தாங்க. வேகவெச்சுத் தண்ணியைக் கொட்டி, மறுபடி வேகவெச்சு, மொளகாயும் உப்பும் போட்டு எறக்குனாங்க. ஏழு வீட்டு ஆளும் வரிசையா உக்காந்தாங்க. குப்பாயி மூணு தடவை வாங்குனா. சட்டியைப் பத்திப் பேச்சே எடுக்கல.

அப்போ மூப்பர் சாப்பிட்டுக்கிட்டே சொன்னாரு, "எல்லாஞ்சரி அம்மிணி. ஆனா வீட்டுக்கு ஒரு குருத்துன்னு ஏழு வெட்டுறதுதானே வழக்கம். நீ ஒண்ணுதானே வெட்டுன?"

பாவாயி கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டே கேட்டா, "மூப்பரே, வழக்கம் குருத்தை எண்றதுக்கா, வயித்தை நெறைக்கறதுக்கா? இன்னும் பசிக்குதுங்களா? சொல்லுங்க, சட்டியில இருக்கு."

மூப்பர் தன் வயித்தைத் தடவிப் பாத்தாரு. பெரிய ஏப்பம் ஒண்ணு வந்துச்சு. ஏஏவ்வ்! "பசியெல்லாம் போயிருச்சு"ன்னாரு. அப்புறம் திரும்பி, "டேய், கம்பை எடுத்துட்டு வாங்கடா!"ன்னாரு.

டக் டக், சரக் சரக்! பொழுது சாயறதுக்குள்ள மூங்கில் கம்பு நட்டு, தட்டி பின்னி, புல்லு வேஞ்சு, எட்டாவது வீடு நின்னுச்சு.

மறுநாள் விடிஞ்சதும் பாவாயி அடுப்புக்கு மண்ணு கொழைச்சா. ஒடைஞ்ச பானையில கழுத்து மட்டும் முழுசா வளையம் மாதிரி தப்பிச்சிருந்துச்சு. அதை அடுப்பு வாய்மேல பதிச்சு வெச்சா, புதுச் சட்டி ஆடாம உக்கார்றதுக்கு. வெறகை வெச்சுப் பத்தவெச்சா. எங்க பத்துது? நேத்து வெட்டுன பச்சை வெறகு. ஃபூ, ஃபூ, ஃபூ! கண்ணெல்லாம் கரிச்சு, ஒருவழியா மெல்லிசா ஒரு புகை கூரையைத் தாண்டி எந்திரிச்சுது.

"எங்கம்மா இன்னிக்கி வருவாங்க"ன்னா.

"சொல்லிவிடவே இல்லையே?"ன்னான் சடையன்.

"சொல்லியாச்சு" அப்படின்னா.

உச்சிப் பொழுது ஆவுது, காணோம். பாவாயி நேத்துக் கொழம்புல எடுத்து ஒளிச்சு வெச்சிருந்த ஒரு கிண்ணத்தைச் சூடு பண்ணுனா, ஆறிப் போச்சு. மறுபடி சூடு பண்ணுனா. அப்போ கீழ ஒத்தையடிப் பாதையிலேருந்து சத்தம். டங், டங், டங். பானையும் பானையும் ஒரசற சத்தம். பாவாயிக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? எட்டி எட்டி ஓடுனா.

தைலாயி தலையில மூணு பானை அடுக்கிக்கிட்டு, ஒரு கையால முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு, ஏறி வந்துட்டு இருக்கா. அஞ்சு வருஷம் தெனமும் ஏழு புகையை எண்ணுனவ. வந்தவ மூச்சு வாங்கிட்டு, மக மொகத்தைப் பாத்து மொத வார்த்தை என்ன சொன்னா தெரியுமா?

"ஏண்டி, புகை அவ்வளவு மெல்லிசா வந்துச்சு? பச்சை வெறகையா வெச்ச?"

பாவாயிக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. தைலாயி வீட்டுக்குள்ள குனிஞ்சு போனா. அடுப்பைப் பாத்தா. சட்டிக்குக் கீழ அவ பானைக் கழுத்து. ஒரு வெரலை மடக்கி அதை மெல்லத் தட்டிப் பாத்தா, கீறல் இல்ல. அப்புறம் கால் நீட்டி உக்காந்து, "சரி, போடு. பசிக்குது" அப்படின்னா.

பாவாயி போட்டா. அம்மா சாப்பிட்டா.

அந்தத் தைலாயி கொண்டாந்த மூணு பானையும் அடுத்த மழைக்குத் தூருமேல கவுந்துச்சு. அதுக்கடுத்த வருஷம் ஊர்ல எல்லாத் தூருலயும் பானைதான். குப்பாயி சட்டி மட்டும் மேலயே இருக்கு, காத்தடிச்சா டிங் டிங்னு ஆடுமாம்.

அவ்வளவுதான் கண்ணு. குருத்தும் வெந்துச்சு, கதையும் வெந்துச்சு, அம்மாவும் மக வீடு சேந்தா. ம் சத்தத்தைக் காணோமே? சரி சரி. போர்வையைக் கவுத்திக்கிட்டுச் சுருண்டு படு. தூங்கு.